ஒரே வட்டு, இரண்டு உடல்கள்: ஐபாட் மினியும் ஸென் மைக்ரோவும்

2004 பிப்ரவரியில் ஆப்பிளின் ஐபாட் மினி என்ற கையடக்கப் பாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ஸென் மைக்ரோவை இறக்கியது. அமெரிக்கச் சந்தையில் இரண்டும் 249 டாலர் வரிசையில் நின்றன. இரண்டுக்குள்ளும் சுழன்றது ஒரே அளவு ஹார்டு டிஸ்க்: ஒரு அங்குல வட்டு, அதை மூடிய ஓடு 42.8 மி.மீ.க்கு 36.4 மி.மீ., தடிமன் 5 மி.மீ. மினியில் 4 ஜிபி, மைக்ரோவில் 5 ஜிபி. ஒரே ஆள், ஒரே சட்டைப்பைக்காக, ஒரே பணத்தைக் கொடுத்து வாங்கக்கூடிய பொருள்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவே இல்லாத இரண்டு சாமான்கள் போல இருக்கும்.

பாட்டுப் பெட்டிகளின் வடிவமைப்பை ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரு சிக்கல் குறுக்கே வரும். ஒன்றில் பெரிய வட்டு, இன்னொன்றில் சிறியது. ஒன்று விலை கூடியது, இன்னொன்று இரண்டு வருடம் பழையது. எந்த வேறுபாடு வடிவமைப்பாளரின் முடிவால் வந்தது, எது சூழ்நிலையால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. இந்த ஜோடியில் அந்தச் சிக்கல் இல்லை. வட்டு ஒன்று, விலை ஒன்று, காலம் ஏறக்குறைய ஒன்று. மிச்சம் இருப்பதெல்லாம் யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினியில் உடலின் அளவை முதலில் தீர்மானித்துவிட்டு, உள்ளே வருகிறவை அதற்கு அடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மைக்ரோவில் உள்ளே என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதன்மேல் ஓர் ஓட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் என்ன பேசப்பட்டது என்பதை வைத்து இதைச் சொல்லவில்லை. பொருளையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்.

வட்டு எப்படிச் சிறுத்தது

1998-இல் வந்த டயமண்ட் ரியோ பிஎம்பி300-இல் 32 எம்பி நினைவகம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் போட்டால் அரை மணி நேரப் பாட்டுக்குச் சற்று மேல். பத்துப் பாட்டுக்குக் குறைவாக இருக்கும் ஒரு பெட்டிக்கு ‘அடுத்தது’, ‘முந்தையது’, ‘நிறுத்து’ என்ற மூன்று பட்டன்கள் போதும். அதில் வடிவமைப்புக் கேள்வியே எழவில்லை.

2000-இல் கிரியேட்டிவ் கொண்டுவந்த நோமாட் ஜூக்பாக்ஸில்தான் கேள்வி பிறந்தது. மடிக்கணினிக்கான 2.5 அங்குல வட்டு, 6 ஜிபி. உடல் அன்றைய கையடக்க சிடி பிளேயரின் அளவில், அதே வட்டச் சாயலில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை உள்ளே வைத்துவிட்டு, அவற்றைத் தேடச் சிறு பட்டன்களைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதல் ஐபாட், டோஷிபாவின் 1.8 அங்குல வட்டைப் பயன்படுத்தி 185 கிராமுக்கு இறங்கியது. முகப்பில் சுழலும் சக்கரத்தையும் வைத்தது.

அதற்கு அடுத்த படி ஒரு அங்குல வட்டு. 1999-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய மைக்ரோடிரைவ் என்ற இந்த வட்டு, கேமராவின் மெமரி கார்டு இடத்திலும் பொருந்தும். பிறகு அது ஹிட்டாச்சியின் கைக்குப் போனது. கேமராக்காரர்களுக்கு அப்போது இதன்மேல் இருந்த ஆசையைச் சொல்லியாக வேண்டும். 2004 தொடக்கத்தில் 4 ஜிபி மைக்ரோடிரைவைத் தனியாக வாங்கினால் ஆகும் பணத்தைவிட, அதே வட்டை உள்ளே வைத்திருந்த கிரியேட்டிவின் மூவோ ஸ்கொயர் பிளேயர் பாதி விலைக்கும் குறைவு. பிளேயரை வாங்கி, பிளந்து, வட்டை எடுத்துக் கேமராவில் போட்டவர்கள் ஏராளம். பாட்டுப் பெட்டிக்குள் இருந்த மிக மதிப்பான உறுப்பு எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த உறுப்பு இரண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அதைச் சுற்றி என்ன செய்தார்கள் என்பதே இனி விஷயம்.

அளவும் எடையும்

மினி: நீளம் 91.4 மி.மீ., அகலம் 50.8, தடிமன் 12.7. எடை 102 கிராம்.
மைக்ரோ: நீளம் 84 மி.மீ., அகலம் 51, தடிமன் 19. எடை 108 கிராம்.

அகலம் கிட்டத்தட்ட சமம். நீளத்தில் மைக்ரோவே சிறியது. விளம்பரப் படத்தில் நேராகப் பார்த்தால் மைக்ரோதான் குட்டியாகத் தெரியும். தடிமனில்தான் கதை மாறுகிறது: மினியைவிட மைக்ரோ சரியாக ஒன்றரை மடங்கு. கால்சட்டைப் பையில் போடும் பொருளுக்கு நீளம் ஒரு பொருட்டே அல்ல, பை அதைத் தாங்கிக்கொள்ளும். துணி புடைத்துத் தெரிவதும், உட்காரும்போது தொடையில் உறுத்துவதும் தடிமனால்தான். முகப்புப் படத்தை வைத்து விற்கப்படும் பொருள்களில் தடிமன் எப்போதும் கடைசிப் படத்தில் ஒளிந்துகொள்ளும். கையில் எடுத்த பிறகுதான் அது பேசும்.

மூன்று அளவுகளையும் பெருக்கினால் மினி சுமார் 59 கன சென்டிமீட்டர், மைக்ரோ சுமார் 81. இரண்டிலும் விளிம்புகள் உருண்டிருப்பதால் உண்மைக் கன அளவு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் விகிதம் பெரிதாக மாறாது. எடையை இதனால் வகுத்தால் மினி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.7 கிராம், மைக்ரோ 1.3 கிராம்.

இந்த எண்ணைத்தான் இந்த ஆய்வில் மிக முக்கியமான அளவாக நினைக்கிறேன். ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியது கைக்குக் கனமாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் அகுஸ்தான் ஷார்பான்டியே 1891-இலேயே இந்த மயக்கத்தை விவரித்துவிட்டார். மினியைக் கையில் எடுத்த பலரும் அதை ‘கெட்டியாக இருக்கிறது’ என்று சொன்னதற்கு அலுமினியம் ஒரு காரணம். உள்ளே காற்று குறைவாக இருப்பது இன்னொரு காரணம். மைக்ரோ 6 கிராம் கூடுதல் எடை உள்ளது. அப்படியும் கைக்கு லேசாகப் படுகிறது. இசைக்கருவி விஷயத்தில் லேசாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். 250 டாலர் கொடுத்த பொருளை முதல்முறை கையில் எடுக்கும்போது மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. உள்ளே ஏதோ குறைகிறது என்றே நினைக்கும்.

ஓடு

மினியின் உடல், அலுமினியத்தை அச்சுத் துளை வழியாகப் பிதுக்கி எடுத்த ஒரு குழாய். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் அரைவட்டமாக முடியும் ஒரு தட்டையான வளையம். நீளத்துக்கு வெட்டி, திரைக்கும் சக்கரத்துக்கும் முகப்பில் துளை எடுத்து, மேலும் கீழும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள். திரை, பேட்டரி, வட்டு எல்லாம் ஒரே பலகையில் ஏற்றப்பட்டு, குழாயின் ஒரு முனை வழியாக உள்ளே தள்ளப்படுகின்றன. பேட்டரியும் வட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறவில்லை. பலகையின் பின்புறம் மேலும் கீழுமாக, அடுத்தடுத்துப் படுத்திருக்கின்றன. நீளத்தில் ஏழு மி.மீ. விட்டுக்கொடுத்துத் தடிமனில் ஆறு மி.மீ. சம்பாதித்தது இப்படித்தான்.

குழாய் என்பதால் பக்கவாட்டில் இணைப்புக் கோடே கிடையாது. விரல்கள் பிடிக்கும் இடம் பக்கவாட்டுதான். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளைச் சேர்த்துச் செய்த எந்தப் பொருளிலும் அந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். நாளாக ஆக அதில் அழுக்கு தங்கும், அழுத்தினால் லேசாகக் கீச்சிடும். மினியில் அந்த வாய்ப்பையே ஒழித்துவிட்டார்கள்.

நிறமும் அப்படியே. அனோடைஸ் செய்யும்போது அலுமினியத்தின் மேற்பரப்பில் நுண்துளைகள் கொண்ட ஆக்சைடு படலம் வளர்கிறது. சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கிய பிறகு துளைகளை அடைத்துவிடுகிறார்கள். பூச்சு மேலே உட்காராமல் உலோகத்தின் தோலுக்குள்ளேயே இருப்பதால் உரிந்து வராது. கீழே போட்டால் நசுங்கும், ஆழமாகக் கீறினால் வெள்ளி தெரியும். அன்றாடச் சாவிக்கொத்து உரசலுக்கு அசையாது. அதே ஆண்டின் பெரிய ஐபாட், வெள்ளை பாலிகார்பனேட் முகமும் கண்ணாடி போன்ற எஃகு முதுகுமாக, வாங்கிய வாரத்திலேயே கீறல் விழும் உடலோடு இருந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களில் விலை குறைந்ததே நன்றாக உழைக்கும் ஓட்டைப் பெற்றது. வெள்ளி, தங்கம், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று ஐந்து நிறங்கள்.

மைக்ரோவுக்குப் பத்து நிறங்கள். விளிம்பு உருண்ட பிளாஸ்டிக் உடல், மேல்பாதியில் திரை, கீழ்ப்பாதியில் தொடுபரப்பு, அதைச் சுற்றி இருட்டில் மலரும் நீல ஒளி. அந்த ஒளி அழகாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அறையை இருட்டாக்கி இரண்டையும் எரிய விட்டால், யாரும் முதலில் மைக்ரோவைத்தான் பார்ப்பார்கள்.

பேட்டரி: கிரியேட்டிவ் சரியாகச் சொன்ன இடம்

தடிமனில் மைக்ரோ கொடுத்த விலை எதற்காக? பெரும்பகுதி, கழற்றக்கூடிய பேட்டரிக்காக. பயனர் கையில் எடுக்கப்போகிற பேட்டரிக்குத் தனியாக உறுதியான ஓடு வேண்டும், ஏனென்றால் லித்தியம் பேட்டரியின் மென்தகட்டுப் பையை அப்படியே யார் கையிலும் கொடுக்க முடியாது. அது உட்கார ஒரு குழி வேண்டும், தொடுமுனைகள் வேண்டும், மேலே ஒரு மூடி, மூடிக்கு ஒரு கொக்கி. ஒவ்வொன்றும் அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று சேர்ந்து தடிமனாகிறது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2003 முடிவில் ஐபாட் பேட்டரிப் பிரச்சினை பெரிதாக வெடித்திருந்தது. சில நூறு முறை சார்ஜ் செய்தால் லித்தியம் பேட்டரி தேயும். ஐபாட்டில் அதை மாற்ற வழி இல்லை. அந்த நவம்பரில்தான் ஆப்பிள் 99 டாலருக்கு மாற்றித் தரும் சேவையை அறிவித்தது. அந்தச் சூட்டில் பிறந்தது மைக்ரோ. முதல் தலைமுறை மினி ஒரு சார்ஜில் 8 மணி நேரம் பாடும் என்றார்கள், மைக்ரோ 12 மணி நேரம் என்றார்கள். அதற்கு மேலும் வேண்டுமானால் இன்னொரு பேட்டரியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட ரயில் பயணம் போகிறவருக்கு இது பேச்சுக்கே இடமில்லாத வசதி.

இதை வெறும் அம்சப் பட்டியலின் ஒரு வரி என்று ஒதுக்குவது அநியாயம். ஒரு பொருள் எத்தனை வருடம் வாழும் என்பதைத் தீர்மானிக்கும் உறுப்பை, வாங்கியவர் கையிலேயே விட்டுவைத்தார்கள். மினியின் பேட்டரியை மாற்ற, மேலும் கீழும் உள்ள மூடிகளின் பசையைச் சூடாக்கி நெம்பி எடுத்து, உள்ளே உள்ள பிடிப்புகளைக் கழற்றி, பலகை முழுவதையும் குழாயிலிருந்து தள்ளி வெளியே எடுக்க வேண்டும். வெள்ளை மூடியில் நெம்பிய தடம் கட்டாயம் விழும். இணைப்புக் கோடு இல்லாத அந்த அழகுக்கு ஈடாகக் கொடுத்தது இதுதான். மினியைப் புகழ்கிற எந்தக் கட்டுரையும் இந்தக் கணக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஃப்எம் ரேடியோவும் குரல் பதிவும் மைக்ரோவில் உண்டு, மினியில் இல்லை. அலுமினிய உடல் அலையைத் தடுக்கும் என்பதால் ரேடியோ இல்லை என்று சிலர் எழுதினார்கள். அது சரியல்ல. இப்படிப்பட்ட கருவிகளில் ஹெட்போன் கம்பிதான் ஆன்டெனா. உடல் உலோகமானாலும் ரேடியோ வேலை செய்யும். வைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததால் இல்லை, அவ்வளவே.

கட்டைவிரல்

உடலின் எல்லா வாதங்களும் கடைசியில் வந்து சேரும் இடம் கட்டைவிரல். ஆயிரம் பாட்டு உள்ளே இருக்கிறது, பிடித்திருக்கும் கையின் ஒரே விரல் அதைத் தேட வேண்டும், மற்ற நான்கு விரல்களும் கருவியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

மினியின் சக்கரம் எப்படி வந்தது என்பதிலேயே பாடம் இருக்கிறது. 2003-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாட்டில் தொடு சக்கரமும், அதற்கு மேலே தனி வரிசையாக நான்கு தொடு பட்டன்களும் இருந்தன. மினியின் முகப்பில் அந்த நான்குக்கும் இடம் இல்லை. வேறு வழியில்லாமல் நான்கையும் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார்கள். வளையம் முழுவதும் தொடு உணர்வுள்ளது. அதே வளையத்தை மேலே, கீழே, இடது, வலது என்று அழுத்தினால் அடியில் உள்ள பட்டன் ‘டக்’ என்று அமுங்கும். இடநெருக்கடியால் பிறந்ததுதான் இது என்று ஸ்டீவ் ஜாப்ஸே அப்போது சொன்னார். ஆறு மாதம் கூட ஆகவில்லை, 2004 ஜூலையில் நான்காம் தலைமுறைப் பெரிய ஐபாட்டுக்கும் இதே சக்கரத்தைக் கொடுத்தார்கள். அங்கே இடநெருக்கடி இல்லை. நல்லதாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

மைக்ரோவின் முகப்பில் நடுவே செங்குத்தான ஒரு தொடுபட்டை, அதன் இரண்டு பக்கமும் தொடு பட்டன்கள். பட்டையில் விரலை மேலே கீழே இழுத்தால் பட்டியல் நகரும், தட்டினால் தேர்வாகும். அமுங்கும் பட்டன் முகப்பில் ஒன்றுகூட இல்லை.

பட்டைக்கு ஒரு நியாயம் உண்டு. விரல் மேலே போனால் பட்டியலும் மேலே, கீழே போனால் கீழே. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சக்கரத்தில் வலமாகச் சுற்றினால் பட்டியல் கீழே போகும் என்பதை ஒருமுறையாவது பழக வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பட்டையே வெல்லும்.

அதற்குப் பிறகு பட்டைக்கு ஒரு முடிவு இருப்பது தெரிய வரும். விரல் கீழ் முனைக்கு வந்துவிட்டால், எடுத்து மறுபடி மேலே வைத்து இழுக்க வேண்டும். இல்லையென்றால் முனையிலேயே விரலை வைத்துக்கொண்டு, பட்டியல் தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்து சரியான இடத்தில் விட வேண்டும். தானாக ஓடும் பட்டியலின் வேகம் கருவியின் கையில் இருக்கிறது. வளையத்துக்கு முனையே கிடையாது. வேகமாகச் சுற்றினால் வேகமாக ஓடும், மெல்லச் சுற்றினால் ஒவ்வொன்றாக நகரும். வேகம் முழுக்க விரலின் கையில். கூடவே ஒவ்வொரு வரி நகரும்போதும் கருவிக்குள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பீசோ ஒலிப்பான் ‘டிக்’ என்கிறது. திரையைப் பார்க்காமலேயே எவ்வளவு நகர்ந்தோம் என்பது காதுக்குத் தெரியும்.

சக்கரத்திலும் குறை உண்டு. வேண்டிய வரியில் நிறுத்தி விரலை எடுக்கும் நொடியில் ஒரு வரி தாண்டிவிடும் எரிச்சல் அதைப் பயன்படுத்திய எல்லோருக்கும் தெரியும். ஈரக் கையோடு தொட்டால் தடுமாறும்.

மிகப் பெரிய வித்தியாசம் தெரிவது கருவி பைக்குள் இருக்கும்போதுதான். மினியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டு, துணிக்கு வெளியிலிருந்து கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். வளையத்தின் விளிம்பும் நடுப்பட்டனும் துணி வழியாகவே தட்டுப்படும். கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் ‘டக்’, பாட்டு நிற்கும். மறுபடி அழுத்தினால் ஓடும். வலது பக்கம் அழுத்தினால் அடுத்த பாட்டு. தொடு உணர்வுப் பரப்பு விரலின் மின்தேக்கத்தை நம்பி இயங்குவது. தடித்த துணி குறுக்கே வந்தால் தடுமாறிவிடும். ஆனால் அமுங்கும் பட்டனுக்குத் துணி ஒரு தடையே அல்ல. கையுறையும் தடை அல்ல. தேடுவதற்குத் தொடுகை, கட்டளையிடுவதற்கு அழுத்தம் என்று இரண்டு வேலைகளை இரண்டு வகை உணர்வுகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால் கிடைத்த பலன் இது.

மைக்ரோவில் இதே முயற்சி நடக்காது. துணி வழியாகத் தடவினால் எங்கே எந்தப் பட்டன் என்று தெரியாது, தெரிந்தாலும் அழுத்த ஒன்றும் இல்லை. பாட்டை நிறுத்த, கருவியை வெளியே எடுத்து, பார்த்து, தொட வேண்டும். எடுக்கும்போதே விரல் எங்கேயாவது பட்டு வேறு ஏதாவது நடந்துவிடும். பூட்டி வைத்திருந்தால் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். தொடு உணர்வின் கூர்மையை அமைப்பில் கூட்டிக் குறைக்க வழி கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு வசதி தேவைப்பட்டதே சிக்கலை ஒப்புக்கொள்வதுதான். எந்த அளவில் வைத்தாலும் தற்செயலாகப் பட்ட விரலையும் வேண்டுமென்றே தொட்ட விரலையும் ஒரு தொடுபரப்பால் பிரித்தறிய முடியாது. அழுத்தம் அந்தப் பிரிவினையைச் சுலபமாகச் செய்துவிடும்.

என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைப்பது எதுவென்றால், இதே தவற்றை ஆப்பிள் 2003-இல் செய்து, அனுபவப்பட்டு, 2004 பிப்ரவரியில் கைவிட்டிருந்தது. மூன்றாம் தலைமுறை ஐபாட்டின் நான்கு தொடு பட்டன்களும் இதே காரணத்துக்காகத் திட்டு வாங்கியவை. மைக்ரோ வந்தது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. போட்டியாளர் எதை விட்டுவிட்டார் என்பதை யாராவது உற்றுப் பார்த்திருக்கலாம். மைக்ரோவின் உடலில் இடமும் இருந்தது. மினியை நெருக்கிய நெருக்கடி அங்கே இல்லாததால், இரண்டு வேலையை ஒரே இடத்தில் செய்ய வேண்டிய கட்டாயமும் யாருக்கும் வரவில்லை.

மற்றவர்கள்

அதே ஒரு அங்குல வட்டை வைத்து வேறு சிலரும் முயன்றார்கள். ரியோ கார்பன், ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியும் உருவம். 5 ஜிபி, 20 மணி நேர பேட்டரி. கையில் பிடிப்பதற்கு மற்ற எதையும்விட இதமாக இருந்தது என்பேன். 2005-இல் ரியோ பெயரே சந்தையிலிருந்து விலகியதால் அந்த வழி அப்படியே நின்றுபோனது. கொரியாவின் ஐரிவர் எச்10, வண்ணத் திரையோடும் கழற்றும் பேட்டரியோடும் வந்தது, நடுவே அதே செங்குத்துத் தொடுபட்டை. டெல் தன் டிஜே வரிசையில் உருளும் சிறு உருளையை வைத்தது. அது விரலுக்கு நன்றாகவே அகப்பட்டது, ஆனால் ஒரு உருட்டில் சில வரிகளுக்கு மேல் நகராது.

இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. பட்டை, உருளை, வளையம் எல்லாமே நீண்ட பட்டியலில் ஒரு கட்டைவிரல் எப்படிப் பயணம் செய்வது என்பதற்கான விடைகள்.

இன்னொரு சின்ன விஷயம், அடிப்பக்கம். மைக்ரோவில் எல்லோரிடமும் கிடைக்கும் மினி யுஎஸ்பி கம்பி போதும். கம்பியை மறந்துவிட்டு ஊருக்குப் போனாலும் கவலையில்லை. மினியில் ஆப்பிளுக்கே உரிய 30 முனை இணைப்பு. தனிப்பட்ட பயனருக்கு இதனால் தொந்தரவுதான். ஆனால் அந்த இணைப்பு அன்றைய பெரும்பாலான ஐபாட்டுகளுக்கும் ஒரே மாதிரி, உடலின் அடியில் இருந்ததால், ஒலிபெருக்கி, கார் இணைப்பு, மேசைத் தாங்கி என்று பிற நிறுவனங்கள் அதன்மேல் ஒரு தொழிலையே கட்டின. கருவியின் அடிப்பாகம் வேறு பொருள்களுக்கு வாசலாக மாறியது.

பிறகு நடந்தது

கிரியேட்டிவின் தலைவர் சிம் வோங் ஹூ 2004 நவம்பரில் ஐபாட்டுக்கு எதிராக 10 கோடி டாலர் விளம்பரத்துக்குச் செலவிடுவதாக அறிவித்தார். பணம் சந்தையை மாற்றவில்லை.

மினியும் நிலைக்கவில்லை. 2005 பிப்ரவரியில் பேட்டரி ஆயுளை 18 மணி நேரமாக உயர்த்தி இரண்டாம் தலைமுறை வந்தது, தங்க நிறம் போனது. அதே செப்டம்பரில், விற்பனை உச்சத்தில் இருந்தபோதே மினியை நிறுத்திவிட்டு ஐபாட் நானோவைக் கொண்டுவந்தார்கள். வட்டு போய், சுழலும் உறுப்பே இல்லாத ஃபிளாஷ் நினைவகம் வந்தது, தடிமன் 6.9 மி.மீ., எடை 42 கிராம். வட்டைச் சுற்றி எழுந்த இந்த மொத்த வாதமும் வட்டோடு முடிந்தது. ஆனால் முதல் நானோ மீண்டும் பிளாஸ்டிக் முகமும் எஃகு முதுகுமாக வந்து, கீறல் விழுகிறது என்று பெரும் புகாருக்கு ஆளானது. 2006 செப்டம்பரில் வந்த இரண்டாவது நானோ, அரைவட்ட விளிம்புள்ள அனோடைஸ் அலுமினிய ஓட்டுக்கே திரும்பியது. மினியின் உடல் மெலிந்து மறுபடி வந்தது என்றே அதைச் சொல்ல வேண்டும்.

கிரியேட்டிவும் கற்றுக்கொண்டது. 2005 இறுதியில் வந்த ஸென் விஷன்:எம், தொடுபட்டையை வைத்துக்கொண்டே அதைச் சுற்றி உண்மையாக அமுங்கும் பட்டன்களைக் கொடுத்தது. அதே கருவியில் கழற்றும் பேட்டரியைக் கைவிட்டார்கள். சரியாகச் செய்ததை விட்டுவிட்டு, தவறாகச் செய்ததைத் திருத்திக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் கதை வேறு. ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கலைஞர், ஆல்பம் என்று படிப்படியாக இறங்கித் தேடும் மெனு முறைக்கு 2005 ஆகஸ்டில் கிரியேட்டிவுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2006 மே மாதம் ஆப்பிள்மேல் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அறிவித்த விளம்பரச் செலவும் அதே 10 கோடிதான். அந்தச் சமரசத்தோடு கிரியேட்டிவ், ஐபாட்டுக்கான துணைப்பொருள்களைத் தயாரிக்கும் திட்டத்திலும் சேர்ந்தது. மெனுவை முதலில் யோசித்தவர்கள், அந்த மெனுவில் விரல் நடக்கும் வழியை மற்றவரிடம் இழந்திருந்தார்கள்.

இன்றைக்கும் இந்தக் கருவிகளைத் திறந்து பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டு காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற கேமரா மெமரி கார்டின் அளவில் இருப்பதால், அதை எடுத்துவிட்டு மெமரி கார்டு போட்டால் மினி புதுப் பிறவி எடுக்கிறது. அலுமினிய ஓடு இன்னும் இருபது வருடம் தாங்கும். பேட்டரியை மாற்றும் வேலையில் மட்டும் மைக்ரோ இன்னும் முன்னால் நிற்கிறது. மூடியைத் தள்ளினால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. குழிக்கும் மூடிக்கும் தொடுமுனைக்கும் ஆகும் அந்த ஆறு மி.மீ.யை எங்கே ஒளித்து வைப்பது என்ற கேள்வி, இப்போது மறுபடி வடிவமைப்பாளர்களின் மேசைக்கு வந்திருக்கிறது.